மனைவியின் நிலம், கணவரின் வீடு: பிலிப்பைன்ஸ் நிலவுரிமைச் சட்ட வரலாற்றில் அயல்நாட்டுத் துணைவர்

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டவரை மணந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் தம் சொந்த நாட்டில் கணவரின் பொருளைக் கொண்டு வீடு கட்டுவது இன்று பரவலாகக் காணப்படும் நிகழ்வு. விடுமுறைக்கு வந்து தங்கவும், பணி ஓய்வுக்குப் பின் குடியேறவும் அவ்வீடுகள் எழுகின்றன. அந்நாட்டின் அரசியலமைப்போ அயல்நாட்டவர் நிலம் உடைமையாகக் கொள்வதைத் தடுக்கிறது. இத்தடை விடுமுறை வீட்டை நோக்கி எழுந்ததன்று என்பதும், குடியேற்றக் கால நிலப் பகுப்பும் தாவாவோ மாவட்டத் தோட்டங்களைப் பற்றிய அச்சமும் இணைந்து அது சிறு மனையையும் தன்னுள் அடக்கிக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. 1991 முதல் 2012 வரையிலான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நான்கு, நிலத்துக்கும் அதன்மேல் எழுந்த கட்டடத்துக்கும் இடையிலான வேறுபாட்டை எவ்வாறு கையாண்டன என்பது தனியே ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிலிப்பைன்ஸ், நிலவுரிமை, அயல்நாட்டுத் துணைவர், விடுமுறை வீடு, தாவாவோ, கிரிவென்கோ தீர்ப்பு, குடியுரிமை.

முன்னுரை

புலம்பெயர்ந்தோர் சொந்த ஊரில் கட்டும் வீடுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வீட்டின் தோற்றத்தையும் அது ஊராரிடம் ஈட்டித்தரும் மதிப்பையும் பேசுவன. வீடு நிற்கும் நிலம் யாருடையது என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுகிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்களாக இருக்கும்வரை அவ்வினாவுக்குத் தேவையும் இல்லை. இருவரில் ஒருவர் அயல்நாட்டவராக அமையும்போது நிலம் ஒருவர் பெயரிலும் பணம் மற்றவர் கையிலுமாகப் பிரிகின்றன. இல்லறம் இனிது நடக்கும் காலத்தில் இப்பிரிவு கண்ணுக்குப் புலனாவதில்லை. மணமுறிவிலும் இறப்பிலுமே அது வெளிப்படுகிறது. ஆகவே இப்பொருளுக்குரிய முதன்மைச் சான்றுகள் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே கிடைக்கின்றன. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இத்துறையில் விட்டுச்சென்றுள்ள தீர்ப்புத் தொடர், அந்நாட்டு நில வரலாறு முழுவதையும் ஒரு வீட்டு மனைக்குள் காணும் வாய்ப்பைத் தருகிறது.

மூவகை நிலப் பகுப்பு

ஸ்பெயினிடமிருந்து தீவுகளைப் பெற்ற அமெரிக்கா 1902ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அமைப்புச் சட்டத்தை இயற்றியது. பொது நிலங்களை வேளாண் நிலம், காட்டு நிலம், கனிம நிலம் என மூன்றாகப் பகுத்த அச்சட்டம், தனியொருவர் 16 ஹெக்டேருக்கு மேலும் நிறுவனம் 1,024 ஹெக்டேருக்கு மேலும் பொது நிலம் பெறலாகாது என வரம்பிட்டது. பெருந்தோட்ட முதலாளிகள் தீவுகளை வளைத்துப்போடுவதைத் தடுப்பது அவ்வரம்பின் நோக்கம்.

பகுப்பு மூன்றோடு நின்றதில்தான் பின்னாளைய சிக்கலின் வேர் உள்ளது. வீட்டு மனைக்கென நான்காம் வகை ஒன்று இல்லை. 1908ஆம் ஆண்டு மாப்பா வழக்கில், இலோயிலோ நகரைச் சார்ந்த தாழ்நிலம் ஒன்று வேளாண் நிலமா என்னும் வினா எழுந்தது. உழவுக்கு ஏலாத அந்நிலம் மீன் வளர்க்கவும் உப்பு எடுக்கவும் பயன்பட்டது. காடும் கனிமமும் அல்லாத பொது நிலம் அனைத்தும் வேளாண் நிலமே என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. அடுத்த ஆண்டே சூரிகாவ் நகரின் குடியிருப்பு மனை ஒன்றும் இதே விளக்கத்தின்கீழ் வந்தது. அன்று இவ்விரு தீர்ப்புகளும் உரிமையை விரிவாக்குவனவாக இருந்தன என்பது கருதத்தக்கது. வேளாண் நிலம் என்னும் பெயர் கிடைத்தால்தான் நெடுங்கால அனுபோகத்தைக் காட்டிப் பட்டா பெற முடியும். நகரவாசிக்கு உதவும்பொருட்டு அகலப்படுத்தப்பட்ட சொல், நாற்பதாண்டு கழித்து அயல்நாட்டவரை விலக்கும் கருவியாயிற்று.

தாவாவோ: மணவுறவும் நிலமும்

மிந்தனாவோ தீவின் தாவாவோ மாவட்டத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஜப்பானியர் அபாக்கா எனப்படும் நார்வாழையைப் பயிரிட்டு வந்தனர். ஓட்டா, ஃபுருக்காவா ஆகியோரின் நிறுவனங்கள் இப்பயிரில் தலைமை பெற்றன. 1919ஆம் ஆண்டின் பொது நிலச் சட்டம், நிறுவன மூலதனத்தில் 61 விழுக்காடு அமெரிக்கர் அல்லது பிலிப்பினோக்களின் கையில் இருத்தல் வேண்டும் எனப் பணித்து இவ்வளர்ச்சிக்கு அணையிட முயன்றது. ஆயினும் சாகுபடி குறையவில்லை. பிலிப்பினோக்களின் பெயரில் நிலம் பெற்று உழைப்பையும் முதலையும் ஜப்பானியர் இடும் ஏற்பாடுகள் பெருகின. அவற்றுள் ஒன்று திருமணம். பகோபோ பழங்குடிப் பெண்களை மணந்த ஜப்பானியர், மனைவியின் அல்லது மனைவியின் உறவினரின் நிலத்தில் அபாக்கா நட்டனர்.

இம்மணங்களை நிலத்துக்கான சூழ்ச்சி என்று மட்டுமே காண்பது பொருந்தாது. பல குடும்பங்கள் நிலைத்து வாழ்ந்தன, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தன. 1945இல் போர் முடிந்து ஜப்பானியர் திருப்பி அனுப்பப்பட்டபோது பகோபோ மனைவியரும் பிள்ளைகளும் பின்தங்கினர். பகைநாட்டவரின் வழியினர் என்னும் பழிக்கு அஞ்சி அப்பிள்ளைகளுள் பலர் தம் தந்தைவழிப் பெயரை மறைத்து வாழ நேர்ந்தது. ஆனால் 1930களில் மணிலா அரசியலாளர் கண்ணுக்கு இக்குடும்பங்கள் புலப்படவில்லை. சற்றேறக்குறைய 18,000 ஜப்பானியரை அப்பத்தாண்டின் இறுதிக்குள் எட்டிய ஒரு மாவட்டம், நாட்டின் கையைவிட்டு நழுவுகிறது என்னும் அச்சமே மேலோங்கியது.

1934 ஜூலையில் கூடி 1935 பிப்ரவரியில் பணியை முடித்த அரசியலமைப்பு மாமன்றம் இவ்வச்சத்தின் நடுவில் நிலவியலை எழுதியது. மரபுவழி வாரிசுரிமை தவிர, பொது நிலத்தைப் பெறத் தகுதியற்றவருக்குத் தனியார் வேளாண் நிலத்தையும் மாற்றலாகாது என்னும் பிரிவு அதில் இடம்பெற்றது. திருமணம் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. மனைவி வழியாகக் கணவன் நிலத்தை ஆளும் முறை தாவாவோவில் நடைமுறையாக இருந்தும், அதைப் பற்றிப் பேசாது விட்ட இவ்விடைவெளியைப் பின்னர் நீதிமன்றமே நிரப்பவேண்டியதாயிற்று.

கிரிவென்கோ தீர்ப்பு

அயல்நாட்டவரான கிரிவென்கோ 1941 டிசம்பரில் மணிலாவில் குடியிருப்பு மனை ஒன்றை வாங்கினார். போர் மூண்டதால் பத்திரப் பதிவு தடைபட்டது. 1945இல் அவர் மீண்டும் முயன்றபோது பதிவாளர் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கையிலேயே, இத்தகைய பத்திரங்களை ஏற்கலாம் என நீதித்துறை அமைச்சகம் பதிவாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தேவை நிறைவேறிவிட்டதென்று கருதிய கிரிவென்கோ தம் மேல்முறையீட்டைத் திரும்பப்பெற விண்ணப்பித்தார். நீதிமன்றம் இசையவில்லை. நிர்வாகத் துறை வினாவை முடித்துவைப்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் விரும்பவில்லை என்பது தீர்ப்பில் வெளிப்படையாகவே தெரிகிறது. 1947 நவம்பர் 15ஆம் நாள் தலைமை நீதிபதி மோரான் எழுதிய தீர்ப்பு, அரசியலமைப்பு கூறும் வேளாண் நிலத்துள் குடியிருப்பு மனையும் அடங்கும் என்றது. மனைக்கு விலக்களித்தால் அயல்நாட்டவர் ஊர்களையும் நகரங்களையும்கூட விலைக்கு வாங்கலாம் என்பது அதன் வாதம்.

1902இன் மூவகைப் பகுப்பும் 1909இன் விளக்கமும் இத்தீர்ப்பின் அடித்தளம். நார்வாழைத் தோட்டங்களுக்காக எழுதப்பட்ட தடை, இவ்வாறு சில நூறு சதுர மீட்டர் மனையையும் தழுவியது. மறுப்புரை எழுதிய நீதிபதிகள் 1935இல் வாக்களித்த பொதுமக்கள் வேளாண் நிலம் என்னும் சொல்லை உழுநிலம் என்றே புரிந்துகொண்டிருப்பர் என்னும் போக்கில் வாதிட்டனர். சொல்வழக்கு என்னும் அளவில் அவ்வாதமே வலுவுடையது எனத் தோன்றுகிறது. 1973ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ‘வேளாண்’ என்னும் அடைமொழியையே நீக்கித் ‘தனியார் நிலம்’ என எழுதிவிட்டதால் இவ்விவாதம் இன்று வரலாற்றுப் பொருளாகிவிட்டது.

அமெரிக்கருக்கு மட்டும் சிறிது காலம் வேறு நிலை இருந்தது. 1947இல் சேர்க்கப்பட்ட சமநிலைத் திருத்தம் அவர்களுக்குப் பிலிப்பினோக்களுக்கு இணையான பொருளியல் உரிமைகளை வழங்கியது. ஃபோர்ப்ஸ் பார்க் பகுதியில் 1954இல் மனை வாங்கிய அமெரிக்க இணையர் பற்றிய வழக்கில், அத்திருத்தம் தனியார் நிலத்துக்குப் பொருந்தாது என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1975இல் வந்த ஆணை, 1974க்கு முன் நல்லெண்ணத்துடன் வாங்கிக் குடியிருந்த அமெரிக்கர் 5,000 சதுர மீட்டர் வரை வைத்துக்கொள்ள இடமளித்தது.

மனைவியின் குடியுரிமை

இதுகாறும் கண்டது அயல்நாட்டவரின் தகுதியின்மை. மனைவியின் தகுதி எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. 1936ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, அயல்நாட்டவரை மணந்த பிலிப்பினோ பெண், கணவனின் நாட்டுச் சட்டம் அவளுக்கு அந்நாட்டுக் குடியுரிமையை வழங்குமாயின் தன் குடியுரிமையை இழப்பாள். அதாவது, மணம் முடிந்த கணத்தில் அவளும் அயல்நாட்டவளாகலாம். பிறந்த மண்ணில் ஒரு மனை வாங்கும் தகுதி அவளுக்கே இல்லாது போகும். அந்நிலையில் கணவன் பொருள் கொடுக்க, மனைவி பெயரில் வீடு கட்டுவது என்னும் பேச்சுக்கே இடமில்லை.

1973ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இதனை மாற்றியது. அயல்நாட்டவரை மணந்த பெண் தானாகத் துறந்தாலன்றித் தன் குடியுரிமையை இழப்பதில்லை என அது கூறியது. அதே ஆண்டில் மார்க்கோஸ் அரசு ‘பாலிக்பாயன்’ திட்டத்தைத் தொடங்கி, வெளிநாடு வாழ் பிலிப்பினோக்களைத் தாய்நாட்டுக்கு விடுமுறையில் வருமாறு சலுகைகளுடன் அழைத்தது. நாடு திரும்புவோர் என்னும் பொருளுடைய அச்சொல் அன்றுமுதல் ஒரு சமூக வகுப்பையே குறிக்கலாயிற்று. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் நிலம் வாங்கத் தகுதியுடைய மனைவியும் விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பமும் ஒருங்கே உருவான காலம் அதுவே. அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்ற பிறப்புவழிப் பிலிப்பினோக்கள் வீட்டுக்கென நகர்ப்புறத்தில் 1,000 சதுர மீட்டரோ ஊர்ப்புறத்தில் ஒரு ஹெக்டேரோ பெறலாம் என 1982இல் சட்டம் வந்தது. 2003இல் இரட்டைக் குடியுரிமையும் ஏற்கப்பட்டது. பெண்ணின் உரிமை படிப்படியாக மீண்டது. அவளை மணந்தவரின் நிலையில் மாற்றம் இல்லை.

நீதிமன்றத்தில் நான்கு வீடுகள்

1970களில் மனைவி பெயரில் வாங்கப்பட்ட ஒரு வீட்டையும் மனையையும் அவர் அமெரிக்கக் கணவருக்குத் தெரியாமல் 1981இல் விற்றார். விற்பனையைச் செல்லாததாக்கக் கோரிய கணவரின் வழக்கு 1991இல் தோற்றது. தம் பணத்தால் வாங்கப்பட்டிருப்பினும் அதனை எதிர்க்க அவருக்கு உரிமையில்லை என்றது உச்ச நீதிமன்றம். நிலத்தின் விற்பனையில் கணவருக்குச் சொல்லுரிமை தருவது, அரசியலமைப்பு மறுத்த ஆளுகையை மறைமுகமாகத் தருவதாகும் என்பது காரணம். தாவாவோ விட்டுச்சென்ற இடைவெளி இங்கு அடைபட்டது.

2006ஆம் ஆண்டின் வழக்கு மேலும் கடினமானது. ஜெர்மானியர் ஒருவர் தம் நாட்டில் பெற்றோர்வழி வந்த வீட்டை விற்று, அப்பணத்தில் மணிலாவை அடுத்த அந்திபோலோவில் 528,000 பெசோவுக்கு நிலமும் அதன்மேல் 2,300,000 பெசோ செலவில் வீடும் மனைவி பெயரில் உருவாக்கினார். மணவாழ்வு முறிந்தபின் அவர் நிலத்தைக் கோரவில்லை, செலவிட்ட தொகையையே கோரினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு தொகைகளையும் மனைவி திருப்பித் தருமாறு பணித்தது. உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. தடையை அறிந்தே நிலம் வாங்கியவர் நியாயத்தின் பெயரால் உதவி கோர இயலாது என்பது அதன் முடிவு.

இத்தீர்ப்பின் ஒரு பாதி ஏற்கத்தக்கது. நிலத்தின் விலை மனைவியின் தலைமேல் கடனாக நிற்குமாயின், அதைத் தீர்க்க இயலாதவர் நிலத்தை விற்கவேண்டி வரும். பட்டா அவருடையதாயினும் பிடி கணவரிடம் இருக்கும். மறுபாதி அவ்வாறன்று. அரசியலமைப்பு தடுப்பது நிலத்தை. கட்டடத்தை அயல்நாட்டவர் உடைமையாகக் கொள்வதை அது தடுக்கவில்லை. நிலத்தின் விலையைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட வீட்டுச் செலவும் நிலத்தோடு சேர்ந்தே மறைந்தமைக்குத் தீர்ப்புரையில் தனிக் காரணம் காட்டப்படவில்லை. மேலும், தடையை அறிந்து செயல்பட்டவர்கள் இருவர். இழப்பு ஒருவருடையதாயிற்று.

2009ஆம் ஆண்டின் வழக்கு போராக்காய் தீவைச் சார்ந்தது. பிரித்தானியர் ஒருவர் 1988இல் 17 வயதுப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டு மனைவி பெயரில் அத்தீவில் 1,294 சதுர மீட்டர் நிலம் 129,000 பெசோவுக்கு வாங்கப்பட்டு, அதில் விடுதி ஒன்று எழுந்தது. 1992இல் மனைவி அதனை வேறொருவருக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். தம் இசைவின்றி விடப்பட்ட குத்தகை செல்லாது எனக் கணவர் வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றங்களில் வென்றார். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1988இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் இணையர் இருவரும் கூட்டாகச் சொத்தை நிர்வகிக்கவேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் சமத்துவம் அயல்நாட்டுக் கணவரின் முன் நின்றுவிடுகிறது என்பதை இத்தீர்ப்பு உறுதிசெய்தது.

போராக்காயில் பிறிதொரு முரணும் உண்டு. 2008இல் உச்ச நீதிமன்றம், அத்தீவு அதுவரை வகைப்படுத்தப்படாத பொதுக் காட்டு நிலமாகவே இருந்தது எனத் தீர்த்தது. 1978இல் சுற்றுலாப் பகுதியென அறிவிக்கப்பட்டமை நில வகையை மாற்றவில்லை. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையே 400 ஹெக்டேரைக் காப்புக் காடாகவும் 628.96 ஹெக்டேரை வேளாண் நிலமாகவும் முதன்முதலில் பகுத்தது. ஆகவே, பயிர் ஏதும் காணாத மணற்கரை விடுதிகளும் சட்டத்தின் கண்ணில் இன்று வேளாண் நிலத்தில்தான் நிற்கின்றன.

நான்காவது தீர்ப்பு 2012இல் வந்தது. டச்சுக் கணவரும் பிலிப்பினோ மனைவியும் 1980இல் மணந்து, துமகேத்தேயில் மனைகள் வாங்கி இரு வீடுகள் எழுப்பியிருந்தனர். மனைகளைத் தம் நாட்டு அரசு தந்த ஊனமுற்றோர் உதவித்தொகையில் வாங்கியதாகக் கூறிய கணவர், அவற்றின் மதிப்பில் பாதியைக் கோரினார். மனைகள் முழுவதும் மனைவிக்கே உரியன என நீதிமன்றம் தீர்த்தது. தடையை நன்கு அறிந்தே மனைவி பெயரில் பதிந்ததாகக் கணவர் ஒப்புக்கொண்டமை அவருக்கு எதிராக நின்றது. வீடுகள் இரண்டும் இருவருக்கும் பொது என்னும் கீழ் நீதிமன்றத்தின் பங்கீடோ மாற்றமின்றி நிலைபெற்றது. அந்திபோலோ வழக்கில் ஒன்றாகக் கரைந்துபோன நிலமும் கட்டடமும் இங்கு வேறுவேறாக எண்ணப்பட்டன. ஆயினும் ஒருவருக்குரிய மனைமேல் இருவருக்குரிய வீடு நிற்பது நடைமுறையில் எளிதான ஏற்பாடன்று. மனையின் உடைமையாளர் இசையாவிடில் வீட்டின் பாதிப் பங்கை வாங்க முன்வருவோர் அரியர்.

குத்தகையும் வாரிசுரிமையும்

நிலத்தை உடைமையாக்காமல் அனுபவிக்கும் வழியாகக் குத்தகை சுட்டப்படுவதுண்டு. அயல்நாட்டவர் தனியார் நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் பொதுச் சொத்து முறையில் வாழும் இணையர் ஒருவருக்கொருவர் விற்பதையும், அதன் தொடர்ச்சியாகக் குத்தகைக்கு விடுவதையும் உரிமையியல் சட்டம் தடுக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த அயல்நாட்டவருக்குத் தன் மனையைக் குத்தகைக்கு விடக்கூடிய பெண், தன் கணவருக்கு விட இயலாது.

அரசியலமைப்பு தானே திறந்துவிட்ட வாயில் மரபுவழி வாரிசுரிமை ஒன்றே. மனைவி இறப்பின், விருப்புறுதி இன்றிச் சட்டப்படி வரும் பங்கை அயல்நாட்டுக் கணவர் நிலமாகவே பெறலாம். விருப்புறுதி வழியாக அயல்நாட்டவருக்கு நிலம் தருவதற்கு இவ்விலக்கு பொருந்தாது என 1982ஆம் ஆண்டின் ராமிரஸ் வழக்கு விளக்கியது. எழுதிவைக்கப்பட்ட அனுபவ உரிமையை மட்டும் அதே தீர்ப்பு அனுமதித்தது; அது உடைமையை மாற்றுவதில்லை என்பது காரணம்.

இந்திய விதிகளோடு ஓர் ஒப்பீடு

தமிழகத்தில் வேரூன்றிய புலம்பெயர் குடும்பங்களையும் தொடும் இந்திய ஏற்பாடு வேறு திசையில் அமைந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் வெளியிட்ட ஒழுங்குவிதிகளும், அவற்றின் இடத்தில் 2019 அக்டோபரில் வந்த அந்நியச் செலாவணி விதிகளும், வெளிநாடு வாழ் இந்தியர் அல்லது கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெற்றவரின் அயல்நாட்டுத் துணைவர், அவரோடு கூட்டாக அசையாச் சொத்து ஒன்றை வாங்க இடமளிக்கின்றன. திருமணம் பதிவுசெய்யப்பட்டு இரண்டு ஆண்டுகளேனும் தொடர்ந்து நிலைத்திருத்தல் வேண்டும். மணவுறவையே தகுதியின் ஊற்றாக இவ்விதிகள் ஏற்கின்றன.

ஆனால் வேளாண் நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகியன விலக்கப்பட்டுள்ளன. கிரிவென்கோ தீர்ப்பு ஒன்றாக்கிய மனையையும் வயலையும் இந்திய விதிகள் பிரித்தே வைத்துள்ளன. எனவே, அயல்நாட்டுத் துணைவரோடு கூட்டாகச் சென்னையில் அடுக்ககம் வாங்குவதற்கு இடமிருக்க, சொந்த ஊரில் புஞ்சையோ தென்னந்தோப்போ வாங்கி அதில் வீடு கட்டுவதற்கு இல்லை. இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றிச் சொத்து வாங்குவதற்கு உள்ள தடையும் துணைவர்க்கான இச்சலுகையால் நீங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து இலங்கைக் குடியுரிமையை விடாது வைத்திருப்பவர், தமிழகத்தைச் சேர்ந்த வெளிநாடு வாழ் இந்தியரை மணந்து மதுரையில் கூட்டாக வீடு வாங்க விழைவாராயின், அத்தடையையே முதலில் எதிர்கொள்வார்.